டர்பன் கடலில் இறங்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போக ஜூன், ஜூலைதான் தோது. மழை குறைவு, வெயிலும் இதம். ஒரே சிக்கல், மத்தி மீன் வலசை. மத்திக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு சுறா, டால்பின் எல்லாம் கரையோரம் வரும்; அவை சிக்கிச் சாகாமலிருக்க, குளிப்பவர்களைக் காக்கக் கடலில் கட்டியிருக்கும் சுறா வலைகளைத் தூக்கிவிடுவார்கள், அந்த நாட்களில் குளிக்கத் தடை. வலை இருந்தாலும் அது முழு வேலியல்ல, சுறா சுற்றிக்கொண்டும் வரலாம். கடற்கரைக் காவலர்கள் நட்டிருக்கும் கொடிகளுக்கு நடுவிலேயே இறங்குங்கள். நீரோட்டம் இழுத்தால் எதிர்நீச்சல் வேண்டாம், பக்கவாட்டில் நீந்துங்கள்.

2010 கால்பந்து உலகக்கோப்பைக்குக் கட்டிய மோசஸ் மபிதா அரங்கை வெளியே நின்று பார்த்தாலே போதும், என்னைக் கேட்டால்.

பசித்தால் பன்னி சௌ: கால்பங்கு ரொட்டியைக் குடைந்து உள்ளே மட்டன் குழம்பு ஊற்றித் தருவது. கரண்டி கேட்காதீர்கள். மேலே வைத்த ரொட்டித் துண்டால் தொட்டுத் தொடங்கி, சுவரை மேலிருந்து பிய்த்து வாருங்கள். அடியில் கிழித்தால் குழம்பு மடியில்தான்.