டோனாவூரில் பெயர் பொறிக்காத ஒரு கல்லறை

டோனாவூர் என்ற ஊர்ப்பெயரில் பாதி ஒரு ஜெர்மானியப் பிரபுவுடையது. 1820-களில் மிஷனரி ரேனியஸ் ஐயர் (போதகர்களை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்) திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவக் குடியிருப்புகளை உண்டாக்கிக்கொண்டிருந்தபோது, பிரஷ்யாவிலிருந்து டோனா பிரபு பணம் அனுப்பினார். அந்த நன்றிக்காக ஊருக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எங்கோ இருந்து பணம் அனுப்பியவரின் பெயரை ஓர் ஊரே இருநூறு வருஷமாகச் சுமந்து நிற்கிறது. அதே ஊரில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, அங்கேயே அடங்கிய மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரோ, தன் கல்லறையில் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் சேகரத்திலிருந்து, அதாவது ஓர் ஐயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்திலிருந்து, பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் சபை மன்றத்தில் சிலரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போயிருந்தோம். சீர்திருத்த சபைக்காரர்களான எங்களுக்கு வேளாங்கண்ணி மாதிரி யாத்திரை போகும் வழக்கம் கிடையாது. கல்லறைக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றினால் எங்கள் ஐயரே முகம் சுளிப்பார். ஆனாலும் மிஷனரிமார் கல்லறைகளைப் போய்ப் பார்த்துவருகிற பழக்கம் நெல்லைப் பக்கம் நிறையவே உண்டு. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர், தாமே கட்டிய ஆலயத்தின் பலிபீடத்துக்குக் கீழேயே அடங்கியிருக்கிறார். மெஞ்ஞானபுரம் போனால் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். இங்கெல்லாம் வாசிக்க ஏதாவது இருக்கும். கல்வெட்டில் பிறந்த தேதி, இறந்த தேதி, ஒரு வசனம். டோனாவூரில் வாசிக்க ஒன்றும் கிடையாது என்று கேள்விப்பட்டதால்தான் எனக்குப் போக ஆசை வந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம். நாங்குநேரி தாண்டி ஏர்வாடி வழியாகப் போகும்போது குளங்களெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. களக்காட்டுப் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கு மேலே மலை, மலையின் பாதியை மறைத்துக்கொண்டு மேகம். திருக்குறுங்குடி நம்பி கோயில் இங்கே கூப்பிடு தூரம். வழி நெடுக இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஏதோ ஒரு நற்செய்திக் கூட்டத்துக்கான ஃபிளெக்ஸ் பேனர்கள். கோட்டு போட்டு மைக் பிடித்த ஊழியக்காரர் ஆள் உயரத்துக்கு நிற்கிறார். இயேசுவின் பெயரைத் தேடினால் கீழே ஒரு மூலையில், இடம் விலாசத்துக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. வேனில் ஒருவரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் பழகிப்போன காட்சிதானே.

எமி அம்மையார் தொடங்கிய டோனாவூர் ஐக்கியத்தின் வளாகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. பிள்ளைகள் வளர்ந்த வீடு அது, சுற்றுலாத் தலமல்ல. எங்களைச் சுற்றிக் காட்ட வயதான ஓர் அக்காள் வந்தார். இங்கே பொறுப்பில் இருந்த தமிழ்ப் பெண்களை அக்காள் என்றும், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களைச் சித்தி என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும்தான் பிள்ளைகள் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள். துரைசாணி, மிஸ்ஸியம்மா என்ற பேச்செல்லாம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இப்படி. அந்தக் காலத்தில் சம்பளம் என்று யாருக்கும் கிடையாது. பணம் வேண்டுமென்று வெளியே யாரிடமும் கேட்பதும் கிடையாது. தேவையை ஜெபத்தில் சொல்வதோடு சரி.

முதலில் ஜெப ஆலயத்துக்குக் கூட்டிப்போனார். 1927-ல் கட்டியது. அப்போது ஊருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஆஸ்பத்திரி. சுற்றுவட்டாரத்தில் வைத்தியத்துக்கு வழியில்லை, கையில் பணமும் இல்லை. அந்த நிலைமையில், முதலில் ஆண்டவருக்கு ஒரு ஜெபவீடு, ஆஸ்பத்திரிக்கு அவர் வழி காட்டுவார் என்று முடிவு செய்தார்கள். எங்கள் பொருளாளர் அண்ணன் என் காதருகே, "நம்ம கமிட்டியில இப்படி ஒரு தீர்மானம் வந்தா சண்டைதான்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நோயாளி வாசலில் படுத்திருக்கும்போது ஆலயம் கட்டுவது சரியா என்ற கேள்வி நியாயமானது. அக்காளிடம் கேட்டேவிட்டேன். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. "ரெண்டும் வந்துச்சில்ல" என்றார். வந்ததுதான். பரம சுகசாலை என்ற அந்த ஆஸ்பத்திரி அடுத்த சில வருஷங்களிலேயே எழும்பி, பல தலைமுறை கிராமத்து ஜனங்களைப் பார்த்திருக்கிறது.

எமி அம்மையார் 1867-ல் வட அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியா வந்தார். 1951 ஜனவரி 18-ல் இறக்கும்வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. சேலை கட்டிக்கொண்டார், தமிழ் படித்தார், நம் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கி என்று பெயர். அந்த வழியிலேயே போயிருந்தால் இன்னும் பெரிய பெயர் வந்திருக்கும்.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஒரு சிறுமி அவரைத் தேடி வந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுப் பிள்ளை, தப்பி ஓடி வந்திருந்தாள். பிரீனா என்று அவளை எழுத்தில் குறிப்பிடுகிறார். அவளைத் தொடர்ந்து இன்னொரு பிள்ளை, அப்புறம் கைக்குழந்தைகள். ஊழியம் டோனாவூருக்கு இடம் மாறிய பிறகு தொட்டில்கள் கூடிக்கொண்டே போயின. பிள்ளை காலைக் கட்டும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அது அவருக்கு அட்சரம் பிசகாமல் நடந்தது. பிரசங்கப் பயணம் நின்றது. பால் காய்ச்ச வேண்டும், பீத்துணி அலச வேண்டும், ராத்திரி முழித்திருக்க வேண்டும். இதற்கா கடல் தாண்டி வந்தோம், ஆத்தும ஆதாயத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்ப்பதா என்று அவருக்கே மனதில் கேள்வி எழுந்திருக்கிறது. அதை அவர் மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். பதில் யோவான் 13-ல் கிடைத்தது. ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, சீலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து சீஷரின் கால்களைக் கழுவிய இடம். எஜமானே சீலையைக் கட்டிக்கொண்ட பிறகு, எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்று பிரித்துச் சொல்ல வேலைக்காரனுக்கு என்ன உரிமை? அவர் யோசனை போனது இந்தத் திசையில்தான்.

அந்தக் குழந்தைகள் இருந்த பக்கத்து வராந்தாவில் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். நம் ஆட்களுக்கே இந்த வேலை எளிதாக வந்துவிடவில்லை. பிரசங்கம் செய்யப் பெண்கள் வந்தார்கள், யாரோ பெற்ற பிள்ளையின் துணி துவைக்க வருவதற்குத் தயங்கினார்கள். எந்தச் சாதிக் குழந்தையோ என்ற எண்ணமும் அந்தக் காலத்தில் இல்லாமலா இருந்திருக்கும். அப்போது முன்னால் வந்து நின்றவர் பொன்னம்மாள். இளம் விதவை. யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. மற்றவர்கள் கூசிய வேலையை எடுத்துச் செய்ய ஆரம்பித்தார், பார்த்துப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். நோயாளிக் குழந்தைகளை வைத்துக்கொண்டு நெய்யூரில் தனியாக ஒரு பிள்ளைகள் வீட்டை நடத்தியதும் அவர்தான். 1915-ல் புற்றுநோயால் இறந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். தாழ்மைக்கு உதாரணம் கேட்டால் பிரசங்க மேடைகளில் எமி அம்மையாரின் பெயர் உடனே வரும். பொன்னம்மாள் பெயரை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. எமி அம்மையாரே அவரைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருந்தும் இந்த நிலை. பெயர் வேண்டாம் என்றவரின் பெயர் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது, பெயரைப் பற்றி நினைக்கவே நேரமில்லாத நம் ஊர்ப் பெண்ணை நாம் மறந்துவிட்டோம். இதில் எமி அம்மையாரின் குற்றம் எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற நம் குற்றம்தான்.

தாழ்மை என்றால் அடங்கி ஒடுங்கிப் பேசுவது என்று யாராவது நினைத்தால் டோனாவூர் அதற்குச் சரியான இடமல்ல. இந்த அம்மாள் பிடிவாதக்காரர். தஞ்சம் தேடி வந்த ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க மறுத்ததற்காகக் கடத்தல் வழக்கு வந்தது. தோற்றால் ஏழு வருஷம் சிறை என்ற நிலைமை. அவர் அசையவில்லை. 1914 பிப்ரவரியில் வழக்கு தள்ளுபடியானது. பிள்ளைகளுக்காக நிற்கும்போது சிங்கம். தன்னைப் பற்றிய பேச்சு வந்தால்தான் கூச்சம்.

1919-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு, பொதுச்சேவைக்கான கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். இவர் கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவுக்குக் கடிதம் எழுதுகிறார், இதை வாங்காமல் இருக்க அனுமதி கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வீர்களா என்று. தான் எதுவும் செய்துவிடவில்லை என்கிறார். தன் ஆண்டவர் அசட்டை பண்ணப்பட்டவர், புறக்கணிக்கப்பட்டவர். அவருக்குக் கிடைத்தது அது, எனக்குக் கிடைப்பது இதுவா என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் எடுத்துச் சொல்லி ஏற்றுக்கொள்ள வைத்தார்கள். ஆனால் பதக்கம் கொடுக்கும் விழாவுக்கு அவர் சென்னை போகவில்லை.

அவர் படுத்திருந்த அறையைப் பார்த்தோம். 1931 செப்டம்பரில் களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், கக்கூஸுக்கென்று இடம் மாற்றித் தோண்டி வைத்திருந்த குழியில் இருட்டில் விழுந்துவிட்டார். கால் முறிந்து, வாகனத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனார்கள். அன்றைக்குக் காலையில்தான், உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று ஜெபித்திருந்தாராம். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இருபது வருஷம் அந்த அறைதான். அங்கிருந்தே எழுதினார், அங்கிருந்தே எல்லோரையும் விசாரித்தார். எனக்கு அந்த அறையில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. நல்ல ஜெபத்துக்கு இப்படியா பதில் என்று ஒரு கோபம் வரத்தான் செய்கிறது, அதைச் சாமர்த்தியமாக விளக்குகிறவர்கள்மேல் இன்னும் கொஞ்சம் கோபம்.

கடைசியாகக் கல்லறைத் தோட்டம். தேவனுடைய தோட்டம் என்றுதான் அதற்குப் பெயர். அடர்ந்த மரநிழல், காலடியில் ஈரச் சருகு. கல் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால், வளர்த்த பிள்ளைகள் சேர்ந்து பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் அம்மா என்ற ஒரே சொல்தான். நாங்கள் போனபோது நாலைந்து தவிட்டுக்குருவிகள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. ஒன்று உள்ளே இறங்கி இறக்கையை அடித்துக் குளித்தது. தண்ணீர் எங்கள் ஐக்கிய சங்கத் தலைவியின் சேலையில் தெறித்தது. போட்டோ எடுக்க வரிசையாக நிற்கலாமா என்று யாரோ ஆரம்பித்து, பிறகு அவர்களே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். ஐயர் ஒரு சின்ன ஜெபம் செய்தார். வழக்கமாக நீட்டிப் பேசுகிறவர், அன்று சீக்கிரம் முடித்தார்.

திரும்பும் வழியில் வேனில் பேச்சு எங்கள் சேகரத்துச் சமுதாயக் கூடத்துக்கு வந்தது. கட்டிடம் முடியும் தறுவாயில் இருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் யார் யார் பெயர், எந்த வரிசையில் என்ற தகராறு நாலு மாதமாக ஓடுகிறது. எங்கள் கோயிலில் இப்போதே மின்விசிறி இறக்கை ஒவ்வொன்றிலும் உபயம் எழுதியிருக்கிறது. சுவிட்சைப் போட்டால் ஒரு பெயரையும் வாசிக்க முடியாது என்பதுதான் ஆறுதல். ஐக்கிய சங்கத் தலைவி, "கல்வெட்டே வேண்டாம்னு வெச்சிருவோமே, ஐயா" என்றார். பொருளாளர் அண்ணன் விடவில்லை. "பேரு போடாட்டி மீதிக் காசு வராது, அக்கா. இன்னும் டைல்ஸ்காரனுக்கே பாக்கி இருக்கு" என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை, கணக்கு நோட்டு அவர் கையில்தான் இருக்கிறது.

பின் சீட்டிலிருந்து ஒரு மூப்பர் சமரசம் சொன்னார். "எங்களுக்கு அல்ல, கர்த்தாவே, எங்களுக்கு அல்ல" என்ற சங்கீத வசனத்தை மேலே பெரிதாகப் போட்டுவிட்டு, கீழே எல்லோர் பெயரையும் சின்ன எழுத்தில் போடலாமாம். வேனே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, உண்மையாகவே யோசனையாகத்தான் சொல்லியிருக்கிறார். ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அடுத்த சபை மன்றத்தில் இதை எடுத்துக்கொள்வோம் என்றார்.