சனிக்கிழமைக்காக வெள்ளியன்றே ஏற்றும் அடுப்பு

யூதக் குடும்பங்களின் அன்றாட வாழ்வை அறிய விரும்புகிறவர்களிடம், வெள்ளிக்கிழமை மாலையை முதலில் கவனியுங்கள் என்றே நான் சொல்வேன். சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்களுக்கு முன்பாக (எருசலேமில் 40 நிமிடங்கள் என்பது வழக்கம்) வீட்டுப் பெண்கள் விளக்கேற்ற, சபாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கிவிடுகிறது. அதன்பின் சமைப்பது, எழுதுவது, தீ மூட்டுவது உள்ளிட்ட 39 வகை வேலைகள் விலக்கப்பட்டவை என்பதால், நெறி வழுவாத குடும்பங்கள் இறைச்சி, பார்லி, பீன்ஸ், உருளைக்கிழங்கு சேர்த்த சோலண்ட் என்னும் உணவை முன்னதாகவே அடுப்பில் ஏற்றி, இரவு முழுவதும் சிறுதீயில் விட்டு, மறுநாள் மதியம் சூடாகப் பரிமாறுகின்றன. விதியை மீறாமலே சூடான உணவுக்கு வழி கண்ட அந்தச் சமையலறை அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன். மேசையில் வைக்கும் இரண்டு ஹல்லா ரொட்டிகள், பாலைவனத்தில் யூதர்களின் முன்னோருக்கு ஓய்வுநாளுக்கு முன்தினம் இருமடங்காகக் கிடைத்த மன்னா என்னும் வான் உணவை நினைவூட்டுகின்றன. சனி இரவு மூன்று விண்மீன்கள் தெரிந்தபின், திராட்சை இரசம், நறுமணப் பொருள்கள், பல திரிகள் கொண்ட பின்னல் மெழுகுவர்த்தி ஆகியவற்றோடு, ஓய்வுநாளை நிறைவுசெய்யும் ஹவ்தலா சடங்கு நடைபெறுகிறது. இத்தனை கண்டிப்புக்கு நடுவிலும், ஓர் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் இந்த விலக்குகள் விலகி நிற்கும். அப்போது நோயாளியை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைவது அனுமதி மட்டுமன்று, கடமையும்கூட.