பிரிட்ஜில் ஒட்டியிருந்த வரைபடம்

வீடு மாற்றிக்கொண்டு போகும் விடுமுறையில் கடைசி நாள் வீட்டு வேலைக்கே சரியாகிவிடும். போர்வை, விரிப்பெல்லாம் துவைக்க வேண்டும், பிரிட்ஜைக் காலி பண்ண வேண்டும், ஜன்னலோரத்து ஜெரேனியம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பத்து நாட்களாக லண்டனில், இல்ஃபோர்டில், எங்கள் வீட்டில் எங்களோடு வீடு மாற்றிக்கொண்ட குடும்பம். பிரான்சில், ஆல்ப்ஸ் மலையில் ஷமோனி பள்ளத்தாக்கின் ஆர்ஜாந்தியேரில், அவர்கள் வீட்டில் நாங்கள்.

ஆனால் பிரிட்ஜ் கதவில் அவர்கள் பென்சிலால் வரைந்து ஒட்டிய வரைபடத்தில் ஒரு இடம் மட்டும் பாக்கி. லாக் பிளாங் ஏரிக்கு ஒரு வட்டம். அதற்குச் சற்றுக் கீழே ஷெசரி ஏரிகள், பக்கத்தில் ஒரு கத்தியும் முள்கரண்டியும். சரி, ஹோட்டல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். நல்லவேளை, மனைவி அதை நம்பவில்லை. மிச்சமிருந்த அரிசியை வடித்து, வாடிக் கிடந்த இரண்டு எலுமிச்சையைப் பிழிந்து டப்பாவில் அடைத்துவிட்டாள். பிரிட்ஜும் காலி.

லே ப்ராவில் ரோப் கார் ஏறினால் ஃப்ளெஜேர், 1,877 மீட்டர். அங்கிருந்து ஏரி 2,352 மீட்டரில். ஒன்றே முக்கால் மணி நேரம் என்று பலகை சொன்னது, எங்களுக்கு இரண்டரை. பாறை இடுக்கில் மர்மோட் என்ற பெரிய மலை அணில் ஒன்று விசிலடிக்க, மகள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

லாக் பிளாங் என்றால் வெள்ளை ஏரி. நாங்கள் பார்த்தபோது பச்சையும் நீலமும் கலந்த நிறம், ஓரத்தில் மட்டும் அழுக்கேறிய பழைய பனி. எதிரே மோன் பிளாங் மலைத்தொடர் முழுக்கத் தெரிந்தது. மெர் த கிளாஸ் பனியாறும் தெரிந்தது. இரண்டு நாள் முன்பு அதைப் பார்க்க இறங்கிய வழியில் ‘1990-இல் பனி இதுவரை இருந்தது’ என்று ஒரு பலகை. அதற்கப்புறமும் இறங்கினோம், இறங்கினோம், இறங்கிக்கொண்டே இருந்தோம். ஏரிக்கரையில் கூட்டமான கூட்டம். செல்ஃபிக்கு வரிசை என்றே சொல்லலாம்.

ஷெசரி ஏரிகளுக்கு இறங்கும் வழியில், செங்குத்தான ஒரு இடத்தில் இரும்பு ஏணி. மகள் குரங்குபோல் இறங்கிவிட்டாள். நான் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே சின்னச் சின்ன ஏரிகள், ஆளே இல்லை.

“அப்பா, ஹோட்டல் எங்கப்பா?”

ஹோட்டல் இல்லை. புல், தட்டையான ஒரு பாறை, அசையாத தண்ணீர், அதில் எய்கில் வேர்ட் சிகரம் தலைகீழாக. அப்போதுதான் புரிந்தது, அந்தக் கத்திக்கும் முள்கரண்டிக்கும் அர்த்தம் ‘சாப்பாட்டை இங்கே பிரியுங்கள்’. லாக் பிளாங் புகைப்படத்துக்கு, உட்கார இதுதான். ஆறிப்போன எலுமிச்சை சாதம் கடலைப்பருப்போடு நறுக் நறுக்கென்று அப்படி ருசித்தது.

சாயங்காலம் விரிப்புகளை மடிக்கும்போது ஒரு உறுத்தல். நாங்கள் அவர்களுக்கு விட்டுவந்தது மூன்று பக்கம்: பாய்லர், குப்பைத் தொட்டி, கறிவேப்பிலைச் செடிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர். போய் உட்கார ஒரு இடம்கூட எழுதவில்லை. எப்பிங் காட்டில் கனாட் வாட்டர் என்று ஏரி ஒன்று இருக்கிறது, அன்னங்கள் வரும், காலையில் போங்கள் என்று செய்தி அனுப்பினேன்.

அவர்களுக்கும் அது கடைசி நாள்தான்.