பெயின்ட் கடைசியில்: மலைநாட்டு லேண்ட் ரோவருக்குச் செய்ய வேண்டிய வேலை

தோட்டத்துத் துரைமார் ஓட்டிய பழைய லேண்ட் ரோவர்கள் நுவரெலியா, தலவாக்கலை, அப்புத்தளைப் பக்கம் இன்னும் ஆங்காங்கே கொட்டகைகளில் நிற்கின்றன. அப்படி ஒன்று கைக்கு வந்ததும் பச்சைப் பெயின்ட் அடிக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்த வண்டியைத் தின்பது நம்ம ஊர் மழை. இறக்கத்தில் ஆளைக் காப்பாற்றுவது பிரேக். வேலையைத் தொடங்க வேண்டிய இடம் இந்த இரண்டும்தான்.

1958இல் வந்த சீரிஸ் 2, 1961இல் வந்த 2ஏ, 1971இல் வந்த சீரிஸ் 3, எதுவானாலும் வண்டியின் மேல்கூடான பொடி பெரும்பாலும் அலுமினியக் கலவை. அடிச்சட்டமான சேஸியும், என்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரான பல்க்ஹெட்டும் இரும்பு. மேலே பளிச்சென்று இருக்கும் வண்டி கீழே உளுத்துப்போயிருக்கலாம். சேஸி என்பது தகட்டை ஒட்டி அடித்த வெற்றுப் பெட்டி. சேறு உள்ளே போய்த் தங்கினால் நம்ம மூடுபனிக் காலத்தில் அது காய்வதே இல்லை. துரு உள்ளிருந்து வெளியே வரும். சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். கெட்ட தகடு சொத்தென்று கேட்கும், உள்ளே துருத்தூள் உதிரும் சத்தமும் வரும். பின் குறுக்குச் சட்டம், சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பல்க்ஹெட்டைத் தாங்கும் அவுட்ரிகர், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், சேஸியின் முன்முனைகளான முன் கொம்புகள் ஆகியவற்றை விடாமல் தட்ட வேண்டும். தார் தடிப்பாகப் பூசியிருந்தால் சுரண்டிவிட்டுத் தட்டுங்கள். தார் வெடித்த இடத்தில் தண்ணீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும்.

துருவின் மேலேயே தகடு வைத்து ஒட்டும் வெல்டிங் பாஸிடம் வேலை கொடுக்காதீர்கள். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, 2 மி.மீ. தகடு வைத்து, விளிம்பு முழுவதும் ஒட்ட வேண்டும். 88 அங்குல வண்டியில் (முன், பின் அக்சில்களுக்கு இடையிலான நீளம் இது) பெற்றோல் டாங்க் முன் சீட்டுக்குக் கீழே இருப்பதால் முதலில் அதைக் கழற்றி வெளியே வையுங்கள். பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சேஸியின் வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். கழிவு ஒயில் ஊற்றும் பழக்கம் நல்லதல்ல: அது ரோட்டில் வடியும், பிரேக்கிலும் படும்.

அடுத்தது பிரேக். இந்த வண்டிகளில் பெரும்பாலும் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் மிதி தரைக்குப் போய்விடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஒயில் றம்பொடை இறக்கம் போன்ற நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதிக்கும். ஆவி அமுங்கும், அதனால் பிரேக் பிடிக்காது. சிலிண்டருக்குள் துரு பிடிப்பதும் அதே ஈரத்தால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுவதையும் மாற்றுங்கள். மலையில் வருடம் ஒரு தடவை மாற்றினாலும் வீணில்லை. பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்கும்போது, மிதி அமுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். லைனர் அட்ஜஸ்டரைச் சக்கரம் இறுகும்வரை திருப்பி, பிறகு தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள்.

சக்கரத்தின் உட்பக்கம் ஒயில் வடிந்த கோடு தெரிந்தால் சக்கர மையத்தில் ஒயிலைத் தடுக்கும் வளையமான ஹப் சீல் போய்விட்டது. ஒயில் குடித்த லைனரைப் பெற்றோலில் கழுவிப் பயனில்லை. அந்த அக்சிலின் இரண்டு பக்கத்துக்கும் புதிது போடுங்கள்.

முன்சக்கரத்துக்குப் பின்னால் குரோம் பூசிய உருண்டை ஒன்று இருக்கும். துணியால் துடைத்து நகத்தால் தடவினால், சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் தட்டுப்படும். அந்தக் குழிதான் சீலை அறுக்கிறது. ஒயில் வெளியே வர, மழைத் தண்ணீர் உள்ளே போகும். ஒயில் பால் நிறமாகியிருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். உருண்டையை மாற்றாமல் சீல் மட்டும் போட்டால் பணம் போனதுதான் மிச்சம். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய உருண்டை வாங்கும்போதும் இதே நகச் சோதனையைச் செய்யுங்கள். உள்ளே போவது ஈ.பி. 90 கியர் ஒயில், பக்கத்துக்கு ஏறக்குறைய அரை லீற்றர். கசிவை மறைக்க அதில் சாதாரண கிறீஸைத் திணிக்காதீர்கள். சக்கரம் திரும்பும் மேல் புஷ்ஷுக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேராது.

2.25 லீற்றர் பெற்றோல் என்ஜின் பொறுமைசாலி. வால்வு இடைவெளி 0.010 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை, பிளக் இடைவெளி 0.030 அங்குலம். பனிக்காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கார்பரேட்டரைப் பிரிப்பதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடவே கூடாது. சீரிஸ் வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜெக்கில் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுற்ற, தரையில் நிற்கும் சக்கரமும் உருளும். சரிவில் ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்திருந்தாலும் வண்டி நகரும். ஜெக்கைத் தொடுவதற்கு முன்பே தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு இறக்கப் பக்கமாகக் கட்டை வையுங்கள்.