பனியன் கம்பெனி கிரெச்சில் பிள்ளைகள் பாதுகாப்புக்கு ஒரு முறை கொண்டுவந்த அனுபவம்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியின் கிரெச்சை, அதாவது வேலைக்கு வரும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தை, நான் பொறுப்பெடுத்து நடத்துகிறேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிரெச் கட்டாயம், தாய் நாளுக்கு 4 முறை வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது. எங்கள் கம்பெனியிலும் அறை ஒதுக்கினார்கள், தொட்டில் வாங்கினார்கள், சுவரில் படம் வரைந்தார்கள். துணி வாங்கும் பையர் நடத்தும் ஆடிட்டுக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள், பிள்ளையை யார் கூட்டிப்போகிறார்கள், ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கு மட்டும் எழுத்தில் ஒன்றும் இல்லை. அதைச் சரிசெய்த அனுபவத்தை, இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஆயாக்களுக்கும் வாட்ச்மேனுக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆதாரில் தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்து முகவரி, குடியிருப்பது இங்கே வாடகை வீட்டில் என்றால் கொஞ்சம் அலைச்சல்தான், முகவரியை முதலிலேயே சரிசெய்துகொண்டு போங்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் சொல்வது அவர் மேல் வழக்கு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான். அதனால் முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நானே போன் போட்டு, இவர்கள் பொறுப்பில் உங்கள் பிள்ளையை விடுவீர்களா என்று நேராகக் கேட்பேன். பதில் வருவதற்குள் எதிர்முனையில் ஒரு தயக்கம் இருந்தால், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து கேட். இங்கே சனிக்கிழமை சம்பள நாள், சாயங்காலம் கேட்டில் அத்தனை கூட்டம் இருக்கும், பிள்ளையைக் கூட்டிப்போக யார் யாரோ வருவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேர் போட்டோ, போன் நம்பர் வாங்கி வைத்தோம், அவர்களைத் தவிர யார் வந்தாலும் தாய் நேரில் வந்து சொல்லாமல் அனுப்புவதில்லை. இரண்டு வயசுப் பிள்ளைக்குப் பார்க்கிற ஆளெல்லாம் மாமாதான், அது சிரித்துக்கொண்டு ஓடுவதை வைத்து அனுப்ப முடியாது. ஒரு சனிக்கிழமை ஒருத்தர் வந்து, "நான் சொந்தத் தாய்மாமனுங்க, எனக்கே தரமாட்டீங்களா?" என்று சத்தம் போட்டார். இந்த ஊரில் தாய்மாமனை வாசலில் நிறுத்துவது சாதாரண விஷயமில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, செக்கிங் செக்சனிலிருந்து பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டோம். உண்மையில் தாய்மாமன்தான். ஆனாலும் அந்தப் பெண் அவரிடம், "அக்கா செஞ்சது செரிதான், எம்புள்ளைய இப்படித்தான் பாத்துக்கோணும்" என்றாள். அதற்குப் பிறகு கேட்டில் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை.

அறை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், மத்தியானம் தூங்கும் நேரத்திலும்தான். வெளியே விளையாடப் போகும்போதும் வந்தவுடனும் தலை எண்ண வேண்டும். எலக்ட்ரீசியன், பிளம்பர் எல்லாம் பிள்ளைகள் போன பிறகுதான் உள்ளே வரலாம். கேமரா வைத்தோம், துணி மாற்றும் இடத்திலும் பாத்ரூமிலும் வைக்கவில்லை. கேமரா இருக்கிறதே என்று ஆளைக் குறைக்க நினைக்கும் மேனேஜ்மெண்டுக்கு நான் சொல்வது, நடந்து முடிந்ததைத்தான் கேமரா காட்டும், நடக்காமல் தடுக்க ஆள்தான் வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஆயாவுடனும் தனியாக உட்கார்ந்து பேசுவது. ஆரம்பத்தில் குத்தம் சொல்லக் கூப்பிடுகிறேன் என்று பயந்துகொண்டுதான் வந்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது, எந்தப் பிள்ளையைச் சமாளிக்கச் சிரமமாக இருக்கிறது, கூட வேலை செய்பவரிடம் மனசுக்கு ஒப்பாத ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்பேன். ஒருமுறை வயதில் மூத்த ஆயா ஒருவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடிச்சுப்போட்டானுங்க அம்மிணி, கை ஓங்கிட்டன், அடிக்கல" என்றார். நான் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் விடவில்லை. அன்றிலிருந்து, கோபம் ஏறுகிறது என்று தெரிந்தால் "கொஞ்சம் வாங்க" என்று சொன்னால் போதும், மற்றவர் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார், ஏன் என்று கேட்கக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 75-ஆம் பிரிவில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தில் வேலை செய்பவர் கொடுமை செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருப்பதை வாசித்தும் காட்டினேன். சட்டம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவர்களை வாய் திறக்கவைத்தது அந்தப் பேச்சுதான்.

அதே ஆயாதான் ஒரு நாள் துணி மாற்றும்போது என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்க, இது உழுந்த காயமாட்டந் தெரியலீங்க." பிள்ளையின் தொடைக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு சூட்டுத் தழும்பு, ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. (பிள்ளை யாரென்று தெரியும்படி எழுதுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம், அதனால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "என்ன ஆச்சு சாமி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். யார் செய்தது, அம்மாவா, மாமாவா என்று நாம் பேர் எடுத்துக் கொடுத்தால் பிள்ளை அதையே திருப்பிச் சொல்லும். அது சொன்னதை அப்படியே, நேரம், காயம் இருந்த இடம், அளவோடு பதிவேட்டில் எழுதி, ஆயாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் 1098, குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன்.

ஆபீசில், குடும்ப விஷயம், நமக்கெதற்கு என்றுதான் பேச்சு வந்தது. கிரெச் விதிமுறையை எழுதும்போதே, 1098-க்கு யார் வேண்டுமானாலும் யார் அனுமதியும் இல்லாமல் அழைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். அதைக் காட்டினேன், பேச்சு நின்றது. இந்த ஒரு வரியை எல்லாரும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். பாலியல் குற்றம் என்ற சந்தேகமாக இருந்தால் இன்னும் கண்டிப்பு. போக்சோ சட்டம் 2012, 19-ஆம் பிரிவின்படி நிரூபணம் நம் கையில் இல்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும், தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததைச் சொல்லாமல் விடும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனோம், பிறகு, பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு. தலைவரும் 4 உறுப்பினர்களும் இருப்பார்கள். போகும் வழியெல்லாம் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான், "அக்கா, பிள்ளையக் கொண்டுபோயிருவாங்களா?" இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். குழு அவளிடம் பொறுமையாகத்தான் பேசியது.

விசாரணையில் தெரிந்தது இதுதான். எங்கள் கிரெச் ஆறு மணிக்கு மூடிவிடும். அவளுக்கு வாரத்தில் பாதி நாள் ஒன்றரை ஷிப்ட், எட்டரைக்குத்தான் விடுவார்கள். இடையில் பிள்ளை லைன் வீட்டில் பக்கத்துப் பெண்ணிடம் இருந்திருக்கிறது, அழுகையை நிறுத்தக் கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்தது அந்தப் பெண். பிள்ளை அம்மாவிடமே இருந்தது, அலகிலிருந்து மாதாமாதம் வந்து பார்த்தார்கள்.

பகலில் நாங்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டாலும், ஆறிலிருந்து எட்டரை வரைக்கும் பதில் இல்லை. கம்பெனியிடம் இதை வைத்தே பேசினேன். ஓவர்டைம் வேலை வாங்குகிறவர்கள் அந்த நேரத்துக்குப் பிள்ளைக்கும் இடம் தர வேண்டும் என்றேன். செலவு என்றார்கள், ஒரே ஆயாவை வைத்து ஓட்டலாமா என்றார்கள், இரண்டு பேர் இல்லாமல் திறக்கமாட்டேன் என்று நின்றேன். இப்போது ஒன்றரை ஷிப்ட் நாட்களில் ஒன்பது மணி வரை திறந்திருக்கிறோம், இரண்டு ஆயா, சாயங்காலம் பிள்ளைகளுக்கு உப்புமா. மாலை ஆயாக்களின் சம்பளத்தை இந்த வருஷத்துக்கு மட்டும்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த வருஷத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன்.