ப்ரோ கீஸ் சார்ட்ல நாலு நோட்டை ஒரு நோட்டாக்குன கதை

ராக் பேண்ட் 3ங்கற வீடியோ கேம் (ஸ்க்ரீன்ல ஓடி வர்ற நோட்டைப் பாத்து வாசிக்கணும்) 2010ல வந்தப்போ அதோட ஒரு குட்டி கீபோர்டும் வந்துச்சு, 25 கீ, ரெண்டு ஆக்டேவ், ப்ரோ கீஸ் மோட் போட்டா அஞ்சு கலர் விளையாட்டெல்லாம் கிடையாது, நிஜ நோட்டையே அமுக்கணும். நானும் ஃப்ரெண்டும் சேர்ந்து ரெக்கார்ட் பண்ண ஒரு பாட்டை இதுல ஏத்தணும்னு ஆசை. கஷ்டமான எக்ஸ்பர்ட் லெவலோட சார்ட் (எப்போ எந்தக் கீயை அமுக்கணும்ங்கற வரிசை) ஒரே ராத்திரில முடிஞ்சுது, கீஸ் வாசிச்சதே நான்தானே, மிடியை (எந்தக் கீயை எப்போ அமுக்குனேன்ங்கற பதிவு) ரீப்பர்ங்கற ம்யூசிக் சாஃப்ட்வேர்ல போட்டு தாளக் கட்டத்துல ஒட்ட வச்சேன், அவ்வளவுதான். ஆனா அதைவிட சுலபமான ஹார்ட், மீடியம், ஈஸி லெவல் ஒவ்வொண்ணுக்கும் தனி ட்ராக் வேணும், அந்த மூணும் என்னை மூணு வாரம் வச்சு செஞ்சுது.

வெர்ஸ்ல (பாட்டோட சரணம் மாதிரி) நாலே கார்டு, அதாவது ஒண்ணா அமுக்குற நோட்டுக் கூட்டம். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன், ஏ மைனர் செவன். கை ரொம்ப நகராத மாதிரி இன்வர்ஷன்ல (கார்டோட நோட்டு வரிசையை மேல கீழ மாத்தி) வாசிச்சிருந்தேன்: கீழேருந்து மேல டி எஃப் ஏ சி, அப்புறம் டி எஃப் ஜி பி, அப்புறம் சி ஈ ஜி பி, கடைசில சி ஈ ஜி ஏ. எக்ஸ்பர்ட்ல நாலு நோட்டும் இருக்கட்டும், ஹார்டுக்கு மூணு, மீடியத்துக்கு ரெண்டு, ஈஸிக்கு ஒண்ணுன்னு கணக்கு வச்சுக்கிட்டேன்.

கணக்கு சுலபம், எதைத் தூக்குறதுங்கறதுலதான் சிக்கல். நமக்குத்தான் கொஞ்சம் தியரி தெரியுமே, அந்தத் திமிர்ல மீடியத்துக்கு தேர்டையும் செவன்த்தையும் (கார்டுக்குப் பேர் குடுக்குற நோட்டுலேருந்து எண்ணுனா மூணாவதும் ஏழாவதும்) மட்டும் வச்சேன், கார்டோட குணமே அந்த ரெண்டுலதான இருக்கு. ஈஸிக்கு ரூட் நோட்டு (அந்தப் பேர் குடுக்குற நோட்டு), டி ஜி சி ஏ. பேப்பர்ல பாத்தா எனக்கே கைதட்டணும் போல இருந்துச்சு.

அக்கா பொண்ணுக்கு 11 வயசு, அவகிட்ட ஈஸி குடுத்தேன். ஒரு மிஸ் கூட இல்லாம முடிச்சிட்டு, "மாமா, பாட்டு ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்"னா. மீடியத்துலயும் நாலாவது கார்டு வந்தா ஒவ்வொரு தடவையும் தடுமாறுனா. நான் முதல்ல பழக்கம் இல்லைன்னு நினைச்சேன் (பெரியவங்க புத்தி).

அப்புறம் அவ வாசிக்கிறதை ஸ்க்ரீனைப் பாக்காம கண்ணை மூடிக் கேட்டப்போதான் உறைச்சுது. இந்த கேம்ல நாம அமுக்குற கீ சத்தம் போடுறதில்ல, ரெக்கார்ட் பண்ண கீஸ் ட்ராக்தான் ஓடுது, மிஸ் பண்ணா அது ம்யூட் ஆகும், பிடிச்சா திரும்ப வரும். அப்போ ஈஸில ஒரே நோட்டு அமுக்குனாலும் காதுல விழுறது முழுக் கார்டு. அதுல காது பிடிச்சுக்கிறது மேல இருக்கற நோட்டை, என் பாட்டுல அது சி பி பி ஏன்னு படிப்படியா இறங்குது. அவ விரல் ரூட்டுக்குப் பின்னாடி தாவிக்கிட்டு இருந்துச்சு. மீடியம்ல ஏ மைனர் செவனோட தேர்டும் செவன்த்தும் சி, ஜி. காது கேக்குறது ஏ, அந்த ஏவை நான் தூக்கியே போட்டுட்டேன், தடுமாறாம என்ன பண்ணுவா.

தியரி புக்கை மூடிட்டு மறுபடி ஆரம்பிச்சேன். ஹார்டுக்கு ஒவ்வொரு கார்டுலயும் மேலேருந்து ரெண்டாவது நோட்டை மட்டும் எடுத்தேன்: டி எஃப் சி, டி எஃப் பி, சி ஈ பி, சி ஈ ஏ. ஜி செவன்ல ஜியே இல்லையேன்னு வாத்தியார் யாராவது பாத்தா திட்டுவார், பரவால்ல, அதை பேஸ் கிட்டார் வாசிக்குது. மீடியத்துக்கு அதுல அடி நோட்டையும் எடுத்தா எஃப் சி, எஃப் பி, ஈ பி, ஈ ஏ. இதைப் பாத்தப்போ எனக்கு சிரிப்பே வந்துடுச்சு, ஒவ்வொரு மாத்தத்துலயும் ஒரே ஒரு விரல்தான் நகருது, மேல, கீழ, மேலன்னு மாறி மாறி. ஈஸிக்கு மிச்சம் இருக்கறது சி பி பி ஏ. ஒரு லெவல்ல பழகுன கை அடுத்த லெவலுக்குப் போனா புதுசா ஒரு நோட்டு மட்டும் சேருது.

தாளத்துலயும் ஒரு தப்பு பண்ணிருந்தேன். 92 பிபிஎம் (நிமிஷத்துக்கு 92 பீட்) பாட்டு, எக்ஸ்பர்ட்ல எட்டாம் நோட்டா (அரை பீட்) ஓடுது, மீடியத்துல கால் நோட்டு (ஒரு பீட்), ஈஸில அரை நோட்டு (ரெண்டு பீட்)ன்னு குறைச்சதெல்லாம் சரிதான். ஆனா கோரஸ்ல கார்டு பார் (ஒரு தாளச் சுத்து) ஆரம்பிக்க அரை பீட் முன்னாடியே விழும், ஈஸியா இருக்கட்டுமேன்னு அதை ஒண்ணாவது பீட்டுக்குத் தள்ளி வச்சுட்டேன். அங்க கீஸ் அடியே இல்ல, ஏற்கனவே அடிச்ச கார்டு இழுத்துக்கிட்டு இருக்கு, பாவம் குழந்தை சத்தமே இல்லாத இடத்துல அமுக்கிட்டு இருந்திருக்கா. முன்னாடி இருந்த இடத்துலயே திருப்பி வச்சுட்டு அதுக்கு முந்தின நோட்டை எடுத்துட்டேன், கை ரெடியாக நேரம் கிடைச்சுது.

போன ஞாயித்துக்கிழமை அவ மீடியம் வெர்ஸை முழுசா முடிச்சா. கோரஸ்ல ஸ்க்ரீன்ல தெரியற கீ வரிசை கீழ் ஆக்டேவுக்கு ஷிஃப்ட் ஆகுற இடத்துலதான் இன்னும் கத்துறா, அந்த நாலு பாரை மேல் ஆக்டேவுக்கே ஏத்திடலாமான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.