முதல் ஆல்பம் போடுகிறீர்களா? கடைசித் தவணைக்கு முன் ட்ராக்குகளை வாங்கிவிடுங்கள்

எங்கள் பேண்டின் முதல் ஆல்பம் அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியாகிறது. பாட்டு கேட்கும் ஆன்லைன் தளங்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பியாகிவிட்டது என்று, பாட்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து நேற்றிரவு மெயில் வந்தது. அப்பாடா என்றிருக்கிறது. பாட்டு எழுதியது, மெட்டமைத்தது, பதிவு செய்தது எல்லாம் நல்லபடியாகவே நடந்தன. அதற்கப்புறம் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் முடிந்து, ஒலியைக் கடைசியாகச் செம்மை செய்யும் மாஸ்டரிங்காரருக்கு அனுப்பினோம். கேட்டுவிட்டு, "ரெண்டு பாட்டுல பறை ஏறி நிக்குது, குரல் அமுங்கிப் போச்சு. ஒரே ஸ்டீரியோ ஃபைலை வெச்சு இதைச் சரி பண்ண முடியாது. குரல் தனியா, பறை தனியா வாங்கிட்டு வாங்க" என்றார். ஸ்டூடியோவுக்கு ஃபோன் செய்தால் நாளைக்கு என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை. நேரில் போனால் பூட்டு. இன்னொரு முறை போனபோதுதான் எங்கள் பாட்டை மிக்ஸ் செய்த இன்ஜினியர் வேலையை விட்டுப் போன கதையே தெரிந்தது. உரிமையாளர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ட்ராக்கெல்லாம் ஸ்டூடியோ சொத்துங்க தம்பி, வெளிய தர்ற பழக்கம் இல்லை" என்று முடித்துவிட்டார்.

திரும்பப் பதிவு செய்யலாமே என்று சில நண்பர்கள் கேட்டார்கள். தோல் பறையைத் தீயில் காய்ச்சினால்தான் நாதம் கணீரென்று வரும். ஏசி அறைக்குள் சூடு இறங்க இறங்கத் தோல் தொய்யும், சுருதி கீழே போகும். பறை வாசித்த அண்ணன் ஒவ்வொரு டேக்குக்கும் வெளியே போய்க் காய்ச்சி, ஆறுவதற்குள் ஓடிவந்து மைக் முன்னால் நின்று அடித்தார். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் தனித்தனியாகக் காதில் விழும்படி மைக் வைக்கவே ஒரு மாலை முழுக்கப் போனது. அந்த உழைப்பை யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்க்கில் விட்டுவிட்டு வர எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு வாட்ஸ்அப் செய்தி. ஆரம்பத்தில் ரேட் பேசும்போதே "தனித்தனி ட்ராக்குகளும் சேர்த்துத்தானே?" என்று எங்கள் பேஸ் கிட்டார்காரர் கேட்டிருந்தார். "ஆமாங்க" என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். அதையும், நாங்கள் பணம் கட்டிய ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போனோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே அதன் தயாரிப்பாளர். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமை அவருக்குத்தான். ஸ்டூடியோவை வாடகைக்குக் கொடுத்ததால் மட்டும் பாட்டு அவர்களுடையதாகாது. இதைக் குரல் உயர்த்தாமல் சொன்னோம். கடைசித் தவணை இன்னும் எங்கள் கையில்தான் இருந்தது, அதையும் சொன்னோம். அன்று சாயங்காலமே பென்டிரைவ் வந்தது.

வந்தது சரி, உள்ளே திறந்தால் "ஆடியோ 17", "ஆடியோ 17 நியூ" என்று பெயர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கியது. அதையெல்லாம் காதால் கேட்டு அடுக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கேட்கும்போதே தெளிவாகக் கேளுங்கள்: எல்லா ட்ராக்கும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், 24 பிட் வேவ் ஃபைலாக இருக்க வேண்டும், பெயரும் டெம்போவும் எழுதியிருக்க வேண்டும். குரல் இல்லாத வடிவம் ஒன்றும் வாங்கி வையுங்கள். பணம் கொடுத்த பிறகு இதில் எதுவுமே கிடைக்காது.

அடுத்த முட்டுக்கட்டை பாரதியின் கவிதை ஒன்று. மெட்டு எங்களுடையது. டிஸ்ட்ரிபியூட்டரின் சப்போர்ட் பிரிவு, இது ஏற்கெனவே வந்த பாட்டு, லைசென்ஸ் காட்டுங்கள் என்று நிறுத்திவைத்தது. எத்தனை விளக்கினாலும் அச்சில் வார்த்த அதே பதில். கடைசியில் சுருக்கமாக எழுதினோம்: கவிஞர் இறந்தது 1921, இந்தியாவில் பதிப்புரிமை ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள், பாரதியின் எழுத்துகளை 1949லேயே அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது, இசை எங்கள் சொந்த இசை. உடனே விட்டார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. பாரதியின் சொற்கள்தான் பொது. சினிமாவில் வந்த மெட்டை எடுத்துப் பாடினால் அந்த இசைக்கு உரிமை வாங்கியே ஆக வேண்டும்.

பெயர்ப் பிரச்சினை தனி. முன்பு வெளியிட்ட சிங்கிள், அதே ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்திருந்த ஒரு வெளிநாட்டுக் கலைஞரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. யாரென்றே தெரியாத ஒருவரின் பாட்டு வரிசையில் நம் பாட்டைப் பார்ப்பது வயிற்றெரிச்சல். பெயர் வைக்கும் முன் எல்லாத் தளங்களிலும் தேடுங்கள். அப்லோடு செய்யும்போது புதிய கலைஞர் என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

இன்னொன்று, இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியல். குடும்பப் பெயரே இல்லாத நம்மிடம் குடும்பப் பெயர் கேட்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் இது ஒத்துப்போகாமல் பணம் நின்றுவிட்டது. வங்கிக்கு நடந்து பெயரைப் பான் கார்டில் உள்ளபடி மாற்றியபின்தான் தீர்ந்தது. அமெரிக்க நிறுவனம் வழியாகப் போனால், வெளிநாட்டவர் அங்கே வரிக்காகத் தரும் டபிள்யூ-8பென் படிவத்தை ஒழுங்காக நிரப்புங்கள். இல்லாவிட்டால் அங்கிருந்து வரும் ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள். வரி ஒப்பந்தப்படி நமக்கு 15தான்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். மூலையில் இன்ஸ்டா முகவரி சிறியதாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வோர் ஒலிப்பதிவுக்குமான அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியை டிஸ்ட்ரிபியூட்டரே கொடுத்துவிட்டார். அதற்கென்று தனியாகக் காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

தேதியை நெருக்கமாக வைக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையின் எடிட்டர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க அது இன்னும் வெளிவராததாக இருக்க வேண்டும். குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பினால்தான் நம்மைப் பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலில் நாம் தேர்ந்தெடுத்த பாட்டு வரும். முழு ஆல்பத்துக்கும் ஒரே ஒரு பாட்டுதான் பரிந்துரைக்கலாம் என்பதால் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. பறை முன்னால் நிற்கும் பாட்டு ஜெயித்தது.

இனி ஐபிஆர்எஸ் வேலை இருக்கிறது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்பு அது. எழுதியவரும் இசையமைத்தவரும் தனித்தனியாக உறுப்பினராக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம், ஐபிஆர்எஸ் தருவது பாடலுக்கான பணம், இரண்டும் வேறு. யாருக்கு எத்தனை சதவீதம் என்று நால்வரும் கையெழுத்துப் போட்ட தாள் தயாராக இருக்கிறது. விண்ணப்பத்தை இந்த வாரமே போடப்போகிறோம்.